இரண்டாவது மவுஸ்

"இடது பட்டனை ஒருக்கா அமுக்குனா காயி மஞ்சளாயிரும். அப்புறம் எங்க வைக்கோணுமோ அந்தக் கட்டத்துல ஒருக்கா அமுக்குங்க. அவ்வளவுதானுங்க்கா" என்றாள் மையத்தில் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் ஃபர்சானா.

அமுக்கினேன். சிப்பாய் மஞ்சளாகியது. அது போகக்கூடிய இரண்டு கட்டங்களில் சின்னப் புள்ளிகள் தோன்றின. ஒரு புள்ளியின் மேல் அமுக்கியதும் சிப்பாய் வழுக்கிக்கொண்டு போய் அங்கே நின்றது. இருபத்திரண்டு வருடங்கள் ஒரு சதுரங்க நடுவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒரு காயை நகர்த்தியது அன்றுதான்.

"தப்பான காயைத் தொட்டுட்டா?"

"வலது பட்டன். மஞ்சள் போயிரும். வேற காயி எடுத்துக்கலாம். கம்ப்யூட்டர் கோவிச்சுக்காது" என்று சிரித்தாள்.

திரையில் இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. கறுப்பு அம்பு என் கையிலிருந்த மவுஸுக்கு உரியது. வெள்ளை அம்பு பலகையின் ஓரத்தில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அது அவருடையது.

அவர் எனக்கு இரண்டடி தள்ளி, சாய்த்து வைத்த கட்டிலில் கிடந்தார். கழுத்தில் மூச்சுக் குழாய். நெற்றியைச் சுற்றிச் சாம்பல் நிறப் பட்டை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பின்தொடரவில்லை. மில்லில் எலக்ட்ரீஷியன்; பதினொரு மாதங்களுக்கு முன் அங்கே மின்பலகைக்கு முன்னால் நின்றபடியே சரிந்தவர். மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இமையைக்கூட அவராக அசைக்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் அந்தப் பரிசோதனை மையத்தில் இரண்டே இரண்டு பட்டைகள் இருந்தன. மண்டைக்குள் எழும் நினைப்பைப் பிடித்து அம்புக்குறியை நகர்த்தும் பட்டை அது. அம்பு ஒரு காயின் மேல் ஒன்றரை வினாடி நின்றால் இடது பட்டனை அமுக்கியதற்குச் சமம். இடது கால் விரல்களை மடக்குவதாக நினைத்தால் வலது பட்டன். பட்டை போட்டுக்கொள்பவர்களுக்கு அவரவர் பழகிய வேலையையே கொடுப்பார்கள். பக்கத்து அறையில் ஒரு பஸ் டிரைவருக்குத் திரையில் சாலை ஓடியது. இவருக்குச் சதுரங்கம்.

"எதிர்ல ஆடறதுக்குக் கம்ப்யூட்டரே போதுமில்லீங்களா? நான் எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டேன்.

டாக்டர் ரகுராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "தெரிஞ்சவங்க எதிர்ல உக்காந்தா மூளையில கூடுதலா அசைவு வருது. ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியலைம்மா."

மீதியையும் அவர்தான் சொன்னார். மொத்தம் மூன்று அமர்வுகள். உள்ளே ஆள் இருக்கிறார் என்று மூன்றுக்குள் நிரூபணமானால் பட்டை அவருக்கே. இல்லையென்றால் கழற்றி அடுத்தவருக்குப் போட வேண்டும். ஏழு பேர் காத்திருந்தார்கள். அடுத்த முறை ஈரோட்டிலிருந்து ஒரு பெண்ணுக்கு. முப்பத்தோரு வயது, இரண்டு குழந்தைகளாம்.

"நிரூபணமாயிட்டா?"

"அவருக்கு நினைவு இருக்குன்னு சட்டப்படி பதிவு பண்ணுவோம். அதுக்கப்புறம் அவரைப் பத்தின முடிவையெல்லாம் அவரையே கேட்டுத்தான் எடுக்கணும். மூச்சு மெஷினைத் தொடரலாமா, வேண்டாமாங்கறது உட்பட." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதுவரைக்கும் அந்தக் கையெழுத்து உங்ககிட்ட இருக்கு. அப்புறம் இருக்காது."

தலையாட்டினேன். ஒரு சுமை இறங்கப்போகிறது என்றுதான் அப்போது தோன்றியது.

ஆனால் அன்று மாலை திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது வேறொன்று உறைத்தது. உள்ளே அவர் இருக்கிறார் என்றால், பதினொரு மாதமும் இருந்திருக்கிறார்.

முதல் இரண்டு மாதம் நல்ல வார்த்தையாகத்தான் பேசினேன். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நடந்த வம்பு, மகள் யாழினிக்குப் புனேயில் கிடைத்த வேலை, மோட்டார் ரிப்பேர். அப்புறம் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. கேட்காத காதுக்கு முன்னால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. யாழினி பிறந்த வருடம் அம்மா வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போட்டி நடத்தக் கிளம்பிப் போனால் வீட்டில் காற்று லேசாகும் என்று சொன்னேன். போன ஆடியில் ஒரு நாள் அவருக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டே, "போயிருந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லாயிருந்திருக்கும்" என்றேன். கோபத்தில் சொன்னதில்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னேன்.

முதல் அமர்வில் அவர் என்னைப் பதினெட்டு நகர்த்தலில் தோற்கடித்தார். வெள்ளை அம்பு தயங்கித் தயங்கி வந்து, காயை எடுத்து, சரியான கட்டத்தில் வைத்தது. நர்ஸுகள் வாசலில் கூடிவிட்டார்கள். யாழினி வீடியோ காலில் அழுதாள். நான் கையைத் தட்டினேன். தட்டிக்கொண்டே அந்த ஈரத்துணியை நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "உதவி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

ஃபர்சானா ஆமாம் என்றாள்.

அந்த உதவி என்னவென்று அவளே விளக்கினாள். அம்பு ஒரு பக்கம் சாய்ந்தால், எங்கே போக நினைக்கிறது என்று கம்ப்யூட்டர் நிரல் ஊகித்து இழுத்துக்கொண்டு போகும். நடுங்கும் கைக்கு ஒத்தாசை. "ஆனா நிரலுக்கும் செஸ் தெரியுமேக்கா. எது நல்ல ஆட்டமோ அந்தப் பக்கந்தான் இழுக்கும். ஜெயிச்சது அண்ணனா, அதுவா, சொல்ல முடியாது."

இரண்டாம் அமர்வில் உதவியை அணைத்தார்கள். வெள்ளை அம்பு குடிகாரனைப் போல அலைந்தது. ஐந்தாவது நகர்த்தலில் தன் ராணியை எடுத்து, என் மந்திரியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்தது. அதற்குள் எனக்கே அவ்வளவு தெரிந்திருந்தது. வெட்டினேன். அதற்குப் பின்னால் எல்லாம் சிதறல்தான்.

"குருட்டாம்போக்கு" என்று டாக்டர் எழுதினார்.

யாழினியிடம் போனில் சொன்னேன். அவள் கேட்டாள். "அம்மா, அப்பா அந்த ராணியை வேணும்னே எடுத்தாரா, தவறித் தொட்டாரா?"

"ஏண்டி?"

"தொட்டிருந்தா நகர்த்தித்தானே ஆகணும்? எனக்குப் பண்ணுனது மறந்துருச்சா உனக்கு?"

மறக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயது. உடுமலையில் மாவட்டப் போட்டி; அவர்தான் நடுவர். ஜெயிக்கிற ஆட்டத்தில் இவள் யானையைத் தவறித் தொட்டுவிட்டாள். எதிரில் இருந்த பிள்ளைகூடப் பரவாயில்லை என்றது. அவர் வந்து நின்றார். "தொட்ட காயைத்தான் ஆடோணும்" என்றார். இவள் அழுதுகொண்டே யானையை நகர்த்தினாள். தோற்றாள். அதோடு பலகையைத் தொடவில்லை. "பெத்த புள்ளைக்குக்கூடவா?" என்று நான் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். "பெத்த புள்ளைங்கறதாலதான்" என்றார். அதை நான் மன்னிக்கவேயில்லை.

மறுநாள் ஃபர்சானாவிடம் இரண்டாம் அமர்வின் பதிவை ஓடவிடச் சொன்னேன். வெள்ளை அம்பு குதிரையை நோக்கித்தான் போனது. போகும் வழியில் நடுங்கி ராணியின் மேல் நின்றது. ஒன்றரை வினாடி. ராணி மஞ்சளாகியது.

"வலது பட்டன் அமுக்கியிருக்கலாமே" என்றாள் ஃபர்சானா. "பயிற்சியில நாலஞ்சு தடவை நல்லா அமுக்குனாரு."

அமுக்கவில்லை. அம்பு அந்த ராணியைச் சுற்றி நாற்பது வினாடி வட்டமடித்தது. ஒரு மனிதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல எனக்குத் தெரிந்தது. ராணிக்குப் போக மூன்றே கட்டங்கள் இருந்தன. மூன்றும் சாவு. அதில் ஒன்றில் வைத்தார்.

"இது குருட்டாம்போக்கு இல்லை ஃபர்சானா. இது என்ர வீட்டுக்காரர்."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சார்கிட்டச் சொன்னா சிரிப்பாருங்க்கா. மூணாவதுல அவரு கண்ணால பாக்கற மாதிரி நடக்கோணும்."

மூன்றாம் அமர்வு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொடங்கியது. ஆளுக்கு முக்கால் மணி நேரம். இரண்டு கடிகாரங்கள் பலகையின் ஓரத்தில் ஓடின. டாக்டர் முதல் பத்து நிமிடம் நின்றுவிட்டு, மேல்மாடியில் ஒரு நோயாளிக்கு அவசரம் என்று அழைக்கப்பட்டுப் போனார். "ஏதாவது தெரிஞ்சா கூப்பிடு. நான் பார்த்தாத்தான் கணக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஏழாவது நகர்த்தலில் அவருடைய அம்பு தவறிப்போய்க் குதிரையின் மேல் நின்றது. மஞ்சள். வலது பட்டன் விழவில்லை. குதிரையையே ஆடினார், ஒரு சிப்பாயை இழந்தார். பன்னிரண்டாவதில் மறுபடி ராணி. அதே கதை. தன் ராணியைக் கொடுத்துவிட்டு அம்பு ஓரத்தில் போய் ஒடுங்கி நின்றது.

"இருக்காரு" என்று நான் முணுமுணுத்தேன். 

"ரெண்டு தடவை போதாதுங்க்கா. தற்செயல்னு சொல்லிருவாரு."

பதினைந்தாவதில் அம்பு அவருடைய ராஜாவின் மேல் தவறி நின்றது. ராஜா மஞ்சளாகியது. ஆனால் புள்ளி எதுவும் தோன்றவில்லை. நாலு பக்கமும் அவர் காய்கள் அடைத்திருந்தன. ராஜாவுக்குப் போக இடமே இல்லை.

அம்பு அசையவில்லை. ஐந்து வினாடி இருக்கும். பிறகு மஞ்சள் அணைந்தது. வலது பட்டன். நிதானமாகப் போய் ஒரு சிப்பாயை நகர்த்தினார்.

ஃபர்சானா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அக்கா! விதியே அதானுங்க்கா. ரூல் புக்கை நேத்துத்தான் படிச்சேன். தொட்ட காயிக்குப் போக வழி இல்லைன்னா வேற காயை ஆடலாம். அப்ப மட்டுந்தான் விடலாம். அதைத் தெரிஞ்சு பண்ணியிருக்காரு!" அவள் கண் கலங்கியிருந்தது. "போன் எடுக்க மாட்டேங்கறாரு, நானே போய் இழுத்துட்டு வர்றேன். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, அப்படியே உக்காந்திருங்க."

ஓடினாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் மேலேறிப் போனது.

அறையில் நாங்கள் இருவர். அவர் முகத்தைப் பார்த்தேன். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக, பார்க்கக் கூச்சமாக இருந்தது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ உள்ளேயே நின்றிருந்தது பிறகு தெரிய வந்தால் வருமே, அதுபோன்ற கூச்சம்.

"ஏனுங்க" என்றேன்.

திரையில் வெள்ளை அம்பு நகர்ந்தது. என்னுடைய முறை அது, அவருடையது இல்லை. பலகையைத் தாண்டி, கடிகாரங்களைத் தாண்டி, கீழே வரிசையாக இருந்த சின்னப் படங்களின் பக்கம் போனது. அவற்றை நான் அதுவரை கவனித்ததில்லை. ஒரு வெள்ளைக் கொடியின் மேல் நின்றது. ஒன்றரை வினாடி.

திரையின் நடுவில் ஒரு பெட்டி திறந்தது. 'தோல்வியை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம். இல்லை.'

தவறித் தொட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்பு 'ஆம்' பக்கம் நகரத் தொடங்கியது. நடுங்கி விலகும், திரும்பி வரும். மறுபடி விலகும். மறுபடி 'ஆம்' பக்கமே வரும்.

ராணி போய்விட்டது; ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. தோற்ற ஆட்டத்தை இழுக்கக்கூடாது, எழுந்து கைகொடுத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை என்பார் அவர். அதாக இருக்கலாம். அது மட்டுமாக இருக்கலாம். ஆனால் இப்போது ஃபர்சானா டாக்டரோடு வருவாள். இவருக்கு நினைவிருக்கிறது என்று எழுதுவார்கள். மூச்சு மெஷின் வேண்டுமா என்ற அடுத்த கேள்வியை இவரிடமே கேட்பார்கள். நினைவு இருப்பது நிரூபணமான நிமிடத்தில் இவர் சொன்ன முதல் சொல்லாக இந்தக் கொடி அந்தத் தாளில் இருக்கும். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நான் சொன்னதற்கு இது பதிலா? எனக்காகவா ஒப்புக்கொள்கிறார்?

யாரைக் கேட்பது? கேட்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் அம்பு 'ஆம்' என்பதன் விளிம்பைத் தொட்டுவிட்டிருந்தது.

என் கை மவுஸின் மேல்தான் இருந்தது. கறுப்பு அம்பைக் கொண்டுபோய் 'இல்லை' என்பதில் அமுக்கினேன்.

பெட்டி மூடிக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை.

கைக்கு வந்த ஒரு சிப்பாயை நகர்த்தினேன். முறை அவருக்குப் போனது. அவர் கடிகாரம் ஓடத் தொடங்கியது. இருபத்தோரு நிமிடம் மிச்சமிருந்தது. வெள்ளை அம்பு, 'ஆம்' இருந்த இடத்தில், இப்போது எதுவும் இல்லாத இடத்தில், அப்படியே நின்றது.

ஃபர்சானா மூச்சிரைக்க டாக்டரை அழைத்து வந்தாள். படியிறங்கும்போதே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அவர் கேலி செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"அய்யா" என்று குரலை உயர்த்தினார். "உங்க முறைதான். ஏதாவது ஒரு காயை நகர்த்துங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்லை."

அம்பு அசையவில்லை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு" என்றாள் ஃபர்சானா. "எனக்காக ஒண்ணே ஒண்ணுங்ணா."

பதினேழு. பதினான்கு. அந்த நடுக்கமும் நின்றுவிட்டிருந்தது. அவரைப் பொறுத்தவரை ஆட்டம் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டவன் மறுபடி காயைத் தொடக்கூடாது. எதிராளி கை நீட்டி இவருடைய பதிலை இவருக்காக அமுக்கியிருக்கிறாள். நடுவராக இருந்திருந்தால் பலகையையே கலைத்திருப்பார். எந்தக் கெஞ்சலுக்கும் இனி அவர் நகர மாட்டார். அவர் அங்கே இருப்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒன்பது நிமிடம் இருக்கும்போது ஃபர்சானா தன் மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு அமுக்கலும் எந்த மவுஸ், எத்தனை மணி என்று அதில் வரிசையாக விழும். கீழேயிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுப்பதைப் போல. "ரெண்டாவது மவுஸ், நீங்களாக்கா?"

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லிரட்டுமா? சொன்னா அண்ணன் ஏன் அசையலைன்னு சாருக்குப் புரிஞ்சிரும், பட்டை அண்ணனுக்கே கிடைக்குங்க்கா."

சொன்னால் பட்டை இருக்கும். அவரிடம் கேட்பார்கள். அவர் பதில் சொல்வார். அவர் சொன்ன சொல்லை மாற்றிச் சொல்கிறவர் இல்லை.

சொல்லாவிட்டால் அவர் இருப்பார். உள்ளே, தனியாக, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருப்பார்.

ஃபர்சானா காத்திருந்தாள். அவள் விரல் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டேயிருந்தது. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று ஆட்டினேனா, முடியவில்லை என்று ஆட்டினேனா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டாள். மேசைக்குத் திரும்பிப் போய்ப் பதிவேட்டை மூடினாள். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

டாக்டர் கடைசி வினாடிவரை உட்கார்ந்திருந்தார். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "சில சமயம் இப்படித்தான்மா. நாம பார்க்க விரும்பறது அங்கங்க தெரியும். உங்க மேல தப்பில்லை" என்று சொல்லிவிட்டு எழுதினார். எதிர்வினை இல்லை.

பட்டையை மறுநாள் காலை கழற்றினார்கள். நெற்றியில் அது இருந்த இடம் வெளுத்து ஒரு கோடாகத் தெரிந்தது. ஈரோட்டுப் பெண்ணைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தபோது அவள் புருஷன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

மத்தியானம் வார்டில் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மெஷின் மூச்சை உள்ளே தள்ளியது, வெளியே இழுத்தது. பிளாஸ்கில் காப்பி இருந்தது, ஊற்றிக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்தவள் வெளியே போகும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் காதருகே குனிந்தேன்.

"ஏனுங்க, நாந்தானுங்க 'இல்லை'ன்னு அமுக்குனது."

அவர் கண்கள் கூரையைப் பார்த்தபடி இருந்தன. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்து அவரிடம் நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். பதினொரு மாதம் ஓயாமல் பேசிய வாய். அடுத்த வாக்கியத்துக்காக அன்று விளக்கு போடும்வரை உட்கார்ந்திருந்தேன்.